திரும்பிப் போன ஸ்டார்ட்டர்

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. அம்மாவிடம் கூடாது, அப்பாவிடம் கூடவே கூடாது. இனி உன்னால் யாரிடமும் காட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு எழுத வருகிறது. ஆறாம் வகுப்பில் மழையைப் பற்றி நான் எழுதி ஒளித்து வைத்திருந்த கவிதையை எடுத்து, கொட்டச்சேடு பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று சத்தமாகப் படித்தவள் நீ. "இதுல மழைக்குக் கோவம் வருதாமுங்க, கேளுங்க" என்று நீ சொன்னதும் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வீடு வந்து சேரும் வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை. அப்படிப்பட்ட உன்னை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நாளைக்குப் போட வேண்டிய என் யூனிஃபார்மில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது. அம்மா துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில்தான் சாயங்காலம் அப்பா அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். மடித்து வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். மூக்கில் ஏறியதும் மடிக்க முடியவில்லை. போர்வைக்குள் உன் போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் ஓடியது, அக்கா. முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. மிளகு காயப் போட்டிருந்த பாய் அதிர்ந்தது. சத்தம் கேட்டு மேல் வீட்டுக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். அப்பா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இன்றுதான். நாளை விடிந்ததும் லாரி வருகிறது. எஞ்சின் மலையிறங்கிக் கொச்சிக்குப் போய் எஸ்டேட் முதலாளியின் படகில் ஏறப் போகிறது. அது அப்படியே போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். அப்பா அதை நினைத்துப் பார்க்கவில்லை. நான் சொல்லவில்லை.

அது இங்கே வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். குப்பனூர் ரோடு வழியாக டெம்போவில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். காப்பிப் பழம் உரிக்கிற பல்பர் மோட்டார், எஸ்டேட் ஜீப், மிஞ்சிப் போனால் ஒரு லாரி, இவைதான் நம் அப்பாவின் பட்டறைக்கு வரும். தார்ப்பாயை விலக்கியதும் அம்மா கேட்டது என்ன என்று நினைவிருக்கிறதா? "ஏனுங்க, இத்தன பெருசா ஒரு எஞ்சினு, இது எதை இழுக்கறதுக்கு?" முதலாளி கடலில் ஓட்டும் படகுக்கு என்று அப்பா சொன்னார். "கடலு அங்க கெடக்குது, எஞ்சினு மலை மேல வந்து என்ன பண்ணுது" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாவுக்கு அது ரொம்பப் பெருமை. கொச்சியில் எத்தனையோ பேர் இருக்க, தன் ஜீப்பை இத்தனை வருஷம் ஓட வைத்தவரிடம்தான் கொடுப்பேன் என்று முதலாளி மேலே அனுப்பியிருந்தார்.

அந்த வாரம் நீ பாலிடெக்னிக்கிலிருந்து ஓடி ஓடி வந்தாய். வளைவுகளில் வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வருவாய். அப்பா உன்னை எல்லாரிடமும் காட்டிச் சொல்வார், "ஆட்டோமொபைல் படிக்குது எம் பொண்ணு, பஸ்ஸுல ஏறுனா மட்டும் ஆகாது."

படகில் இதைப் போல இரண்டு எஞ்சின்கள் இருக்கும், இரண்டும் எதிரெதிராகச் சுற்றும், நம்மிடம் வந்தது எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாமல் ஒரு சாமான்கூட வாங்கக் கூடாது என்று நீ சொன்னாய். இங்கிலீஷ் புத்தகத்தை நான் படித்துச் சொல்ல வேண்டும், நீ பார்க்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. நீ இடது என்றாய், நான் வலது என்றேன். ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினோம். நீ என்னைக் குருடி என்றாய். நான் உன்னை பெயிலாகப் போகிறவள் என்றேன். அப்பா பீடியைப் பற்றவைக்க மறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் நீதான் சட்டென்று நின்று, "ஏம்புள்ள, நீ எந்தப் பக்கம் நின்னு பாக்கற?" என்று கேட்டாய். நான் முன்பக்கம் நின்றிருந்தேன், நீ பின்பக்கம். இருவர் சொன்னதும் ஒன்றுதான். கார்க்காரர்கள் முன்னால் நின்று பார்த்துச் சொல்வார்களாம், படகுக்காரர்கள் பின்னால் நின்று பார்த்துச் சொல்வார்களாம்.

பிறகு நீ எஞ்சினைக் கையால் மெதுவாகத் திருப்ப, புகை வெளியே போகும் வால்வு முதலில் திறக்கிறதா, காற்றை உள்ளே இழுக்கும் வால்வு முதலில் திறக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்னேன். ஜீப், லாரியெல்லாம் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம்தான் இதுவும் என்று முடிவானது. உனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவுக்கும். "அப்பறமென்ன, நம்மூட்டு எஞ்சினுதான் இது" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நீ எல்லாம் தெரிந்தவள் இல்லை. இந்த எஞ்சினில் சின்ன பிளாக், பெரிய பிளாக் என்று இரண்டு வகை உண்டு. முதல் முறை நீ வரவழைத்த, இடைவெளி அடைக்கிற கேஸ்கெட் சின்னதுக்கு உரியது. நம்மிடம் இருந்த பெரிய பிளாக்கின் மேல் வைத்துப் பார்த்தபோது, எல்கேஜி பிள்ளையின் சட்டையை அப்பாவுக்குப் போட்டது போல் இருந்தது. அப்பா அன்று முழுக்க உன்னை "இஞ்சினியரம்மா" என்றே கூப்பிட்டார். "இஞ்சினியரம்மா, சோத்துக்கு வர்றீங்களா?" நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் திருப்பி அனுப்பினாய். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னாய். தண்ணீர் ஓடும் இடத்தில் அடைக்கிற மூடிகளை இரும்பில் வாங்காமல் பித்தளையில் வாங்கினாய். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்றுவிடுமாம். "பித்தளையா, இது எஞ்சினா, பூசைப் பாத்திரமா?" என்று அப்பா கேட்டாலும், பொருத்தும்போது அவரே சேலைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பொருத்தினார்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஸ்டார்ட்டரில்தான் சண்டை வந்தது. பட்டறையில் பழைய லாரி ஸ்டார்ட்டர் ஒன்று நன்றாக இருந்தது. பல் சரியாக உட்கார்ந்தது, பக்கமும் அதே பக்கம். இதையே போட்டுவிடலாம் என்றார் அப்பா. நீ வேண்டாம் என்றாய். படகுக்கு என்றே செய்தது தனியாக வரும், உள்ளே பறக்கும் பொறி வெளியே வராதபடி முழுக்க மூடியிருக்கும், அதைத்தான் போட வேண்டும் என்றாய். எத்தனை ஜீப்புக்கு இதே ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன், ஒன்றாவது பற்றிக்கொண்டதா என்று அப்பா கேட்டார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நீ மெதுவாகத்தான் சொன்னாய்.

"ஜீப்புக்கு அடியில ரோடு இருக்குதுங்கப்பா. படகுக்கு அடியில படகேதான் இருக்குது."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் காப்பித் தோட்டத்து ஓரத்துக்குக் கூட்டிப் போனாய். நாம் நின்ற மேட்டில் வெயில். கீழே மாரமங்கலம் பக்கத்துப் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம் அசையாமல் படுத்திருந்தது. பெட்ரோல் ஆவியும் இப்படித்தான், பள்ளத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும் என்றாய். ஜீப்பில் ஒழுகினால் ரோட்டில் போய்க் காற்றோடு கலந்துவிடும். படகின் அடி பெரிய அண்டா மாதிரி. ஒழுகினால் அதற்குள்ளேயேதான் கிடக்கும். சாவியைத் திருப்பியதும் அந்த மூட்டத்துக்குள் ஒரு பொறி விழுந்தால் போதும். வாயில் நுரையோடு நீ சொன்னதால் பாதி வார்த்தை எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அப்பா பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "செரி, வரச் சொல்லு சாமி" என்றார்.

நீ உன் பெயரில், உன் நம்பர் கொடுத்து, அதை வரச் சொன்னாய். அது வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது.

சேலம் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள். ஊரிலிருந்து வந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் போகவில்லை. பெரிய பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உன் போன் என் கையில் இருந்தது. எதற்கு வைத்திருந்தேன் என்று தெரியவில்லை, சார்ஜ் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தேன். அது அடித்தது. வீட்டிலிருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நீயே பேசப் போகிறாய் என்பது போல. எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன்.

கூரியர்க்காரர். நல்ல மனிதர்தான், அக்கா. உன் பெயரை முழுசாகச் சொல்லி, கனமான பார்சல் ஒன்று வந்திருக்கிறது, ஊருக்குள் வழி தெரியவில்லை என்றார். "மேடம் ஊட்ல இருக்காங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

"எப்பங்க வருவாங்க?"

நான் சொன்னது ஒன்று, அவருக்குக் கேட்டது ஒன்று. வீட்டில் இல்லை, உயிரோடு இல்லை, ஒரே வார்த்தைதானே இரண்டுக்கும். எப்ப வருவாங்க. அதற்கு என்ன சொல்வது? செத்துப்போயிட்டாங்க என்று நான் அதுவரைக்கும் ஒரு தடவைகூட வாயால் சொல்லியிருக்கவில்லை. வந்தவர்கள்தான் சொன்னார்கள், நான் தலையைத்தான் ஆட்டினேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. அவர், "ஹலோ, ஹலோ, எப்ப வருவாங்கன்னு சொன்னீங்கன்னா நான் மறுபடி வர்றேங்க" என்றார்.

"அப்பிடி யாருமே இங்க இல்லீங்க. தப்பான நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கொட்டகையில் மாடு திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. யாரோ என் துணியை உருவிவிட்டது போல அப்படி ஒரு வெட்கம். சாயங்காலம், பார்சல் திருப்பி அனுப்பப்படுகிறது என்று போனில் செய்தி வந்தது. அழித்துவிட்டேன்.

அப்பா பட்டறைப் பக்கமே போகாமல் இருந்தார். அப்புறம் முதலாளி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவசரமில்லை என்று சொல்லியும், பள்ளிக்கூடம் லீவு விடுவதற்குள் முடிந்தால் பிள்ளைகளைப் படகில் கூட்டிப் போகலாம் என்று நினைத்திருந்ததாக மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் அப்பா பட்டறையைத் திறந்தார். என்னைக் கூப்பிட்டு, "அது சொன்ன ஸ்டார்ட்டரு வந்துச்சா கண்ணு?" என்று கேட்டார். அது என்றுதான் சொன்னார். உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

"வரலீங்கப்பா" என்றேன்.

அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும். மறுபடி அனுப்பச் சொல்லியிருப்பார். ஆனால் ஏன் திரும்பிப் போனது என்று கேட்பாரே. நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று சொல்ல வேண்டுமே. அவர் நாலு நாள் பார்த்தார். கேட்டுக்கூடப் பார்க்காமல், பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். பழைய லாரி ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். "அதே பக்கந்தானே சுத்துது" என்று யாருக்கோ பதில் சொல்வது போலச் சொன்னார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் போல்ட்டை இறுக்க இறுக்க நான் வெளிச்சம் காட்டினேன், அக்கா. நானேதான் காட்டினேன்.

அவர் பனிமூட்டத்தை மறந்துவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. நீ சொன்ன ஒவ்வொன்றையும் யோசித்தால் நீ இல்லை என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கும். கையில் இருப்பதை மாட்டி, ஓட வைத்து, அனுப்பிவிட்டால் போதும் அவருக்கு. இன்றைக்கு அது முற்றத்தில் ஓடியபோது ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? நாலு பக்கமும் காற்று. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் பேஷ் என்றார்கள். உன்னை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

முதலாளி அவருடைய சின்ன மகளையும் கூட்டி வந்திருந்தார். இரண்டாவது படிக்கிறாளே, உன் எலுமிச்சம்பழத்தை வாங்கிக் கடித்துவிட்டு முகத்தைக் கோணினாளே, அவள்தான். எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, சாவி திருப்பறது நான்தான். அப்பா சத்தியம் பண்ணியிருக்காங்க."

நான் சரி என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடித்தேன். சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அப்பா அம்மாவிடம் சிரித்துப் பேசினார். இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார். அம்மா போட்டாள், அவளும் அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய்க்குள் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. அப்பா, அந்த ஸ்டார்ட்டரைக் கழட்டணுங்க. நான்கு வார்த்தை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சோற்றோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

எனக்கு அப்பாவிடம் அடி வாங்கப் பயமில்லை. அவர் அடிக்க மாட்டார் என்று உனக்கும் தெரியும். அவர் முகம் மறுபடி அப்படி ஆகிவிடுமே என்றுதான் பயம். உன் கடைசி சாமானை வாசல் வரை வரவிட்டு நான் திருப்பி அனுப்பினேன் என்று தெரிந்தால் அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று பயம். அப்படி யாருமே இல்லை என்று சொன்னவள் நான். உன் ரத்தம். கூரியர்க்காரருக்கு உன் பெயர் தெரிந்திருந்தது, கூப்பிட்டார், நான் இல்லை என்றேன்.

நீ போன பிறகு உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒன்றுதான். எதைப் பார்த்தாலும், இது ஒழுகினால் எங்கே போகும் என்று தேடுகிறேன். ஸ்கூல் தண்ணீர்த் தொட்டி, அம்மாவின் கேஸ் அடுப்பு, ஏரியில் நிற்கும் படகுகள், எல்லாவற்றின் அடியையும் குனிந்து பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்த வீட்டையும் அப்படித்தான் பார்க்கிறேன். நாங்கள் மூன்று பேரும் எதையும் வெளியே விடுவதில்லை. எல்லாம் அடியில் போய்க் கிடக்கிறது. இன்று அப்பா சிரித்தது அதன் மேல் நின்றுகொண்டுதான்.

உன் போனில் அந்தக் கடையின் நம்பர் இன்னும் இருக்கிறது. காலையில் கூப்பிட்டால் மறுபடி அனுப்புவார்கள். லாரி வந்தால் காத்திருக்கட்டும், அல்லது திரும்பிப் போகட்டும். அந்தக் குட்டிப் பெண்ணின் லீவு முடிந்துபோகட்டும், அவள் என்னைத் திட்டட்டும். ஆனால் அதற்கு முன்னால் அப்பாவிடம் எதை முதலில் சொல்வது? ஸ்டார்ட்டரையா, நான் போனில் சொன்னதையா? எதை முதலில் சொன்னாலும் நடுவில் உன் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன், சத்தமில்லாமல், போர்வைக்குள். உதடு மட்டும் அசைகிறது.

வெளியே செருப்புச் சத்தம். அப்பா எஞ்சினுக்குத் தார்ப்பாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார். போன் வெளிச்சம் ஜன்னலில் தெரிந்திருக்கும்.

கதவைத் தட்டுகிறார். "கண்ணு, தூங்கலையா சாமி?"

அணைக்கவில்லை, அக்கா. கதவைத் திறக்கிறேன். முதலில் உன் பெயர்.